36 அடி நாயகன்

ஹைதராபாத்தின் போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் விடிவதற்கு முன்பே லாரிகள் வந்து நின்றுவிடும். கோஸ், தக்காளி, கேரட், பச்சை மிளகாய் என்று மூட்டை மூட்டையாக இறக்குகிற ஹமாலிகளில் ஒருவரை எனக்குச் சில வருடங்களாகப் பழக்கம். வாரத்துக்கு ஒரு படம் பார்ப்பார். எந்த நடிகருக்கும் கொடி பிடிப்பவர் இல்லை, விமர்சனம் படிப்பவரும் இல்லை. கையில் காசும் இரண்டரை மணி நேரமும் இருந்தால் செகந்திராபாத் பக்கம் போய் ஏதாவது ஒரு தியேட்டரில் உட்கார்ந்துவிடுவார். அடிதடிப் படம், சிரிப்புப் படம், இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

மறுநாள் காலை தீர்ப்பு வரும். "ஃபைட் கேக அன்னா. காமெடி வேஸ்ட்." கேக என்றால் தெலுங்கில் கூச்சல். கொட்டகையைக் கத்த வைத்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது, அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட கருத்துகளை நாம் மதிப்பதில்லை. 'சும்மா படம் பார்க்கிறவன் சொல்வது' என்று தள்ளிவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் சொன்ன சில வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, ஒவ்வொன்றின் பின்னாலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் பல வருடம் செலவழித்துக் கண்டுபிடித்த ஓர் உண்மை நின்றுகொண்டிருந்தது. அவர் பேசியது தெலுங்கில். நான் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு படத்தைப் பற்றி அவர் சொன்னது: "அந்தக் குத்து என் தாடையில விழுந்த மாதிரி இருந்துச்சு." இன்னொரு படத்தைப் பற்றி: "கை படவே இல்லை, அப்பட்டமாத் தெரியுது." உண்மையில் இரண்டு படத்திலும் கை படவில்லை. எந்தப் படத்திலும் பெரும்பாலும் படுவதில்லை. நாயகனின் முஷ்டி அடியாளின் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கடந்து போய்விடும். கேமராவை முஷ்டிக்கும் முகத்துக்கும் நேர்கோட்டில் வைத்துவிடுவார்கள். திரை தட்டையானது. நம் இரண்டு கண்களும் இரண்டு கோணத்திலிருந்து பார்த்து ஆழம் அளக்கும் திறமை அங்கே செல்லாது. அந்த ஒரு சாண் இடைவெளி படத்தில் காணாமல் போகிறது. அடி வாங்குகிறவர் சரியான கணத்தில் தலையைத் திருப்ப வேண்டும், அவ்வளவே.

ஆனால் இது பாதிதான். மீதி வேலையைச் செய்வது காது. 1997-இல் ராபர்ட் செகுலரும் அவருடைய கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். திரையில் இரண்டு வட்டுகள் எதிரெதிரே வந்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து, தாண்டிப் போகின்றன. சத்தமில்லாமல் காட்டினால் பெரும்பாலோர் 'ஒன்றை ஒன்று கடந்து போயின' என்பார்கள். இரண்டும் சேரும் அந்தக் கணத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தத்தை மட்டும் சேர்த்தால், அதே படத்தைப் பார்த்தவர்களில் மிகப் பலர் 'மோதித் திரும்பின' என்கிறார்கள். படம் மாறவில்லை, ஓர் ஒலி மட்டும் வந்தது. கண் பார்த்ததையே காது திருத்தி எழுதிவிட்டது.

சண்டைக் காட்சி முழுக்க இந்தத் திருத்தத்தில்தான் நிற்கிறது. நிஜமான குத்து எழுப்புவது மந்தமான, கேட்டும் கேட்காத ஒரு 'தொப்'. தியேட்டரில் கேட்கிற அந்த 'டிஷ்ஷூம்' தனியாகத் தயாரித்துச் சேர்ப்பது. ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோவின் ஜாக் ஃபோலி 1920-களின் இறுதியில், பேசும்படம் வந்த புதிதில், திரையைப் பார்த்துக்கொண்டே சத்தங்களைச் செய்து பதிவு செய்ய ஆரம்பித்தார். இன்றும் அந்த வேலைக்கு ஃபோலி என்றே பெயர். எலும்பு முறிகிற சத்தத்துக்கு அவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது செலரித் தண்டு. புதிதாக, நீர் கட்டி இருக்கிற தண்டை முறுக்கி ஒடித்தால் திசுக்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும். அதை மைக்குக்கு அருகில் வைத்துப் பதிந்தால் முழங்கை முறிந்த சத்தம். கேரட்டுக்கும் கோஸுக்கும்கூட இதில் பங்கு உண்டு. இதை நான் சொன்னபோது நண்பர் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கேரட்டை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் ஒடித்துப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தோம்.

இங்கே எனக்கு வியப்பாக இருப்பது இன்னொன்று. அவர் எப்போதும் கடைசி வரிசைக்காரர். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, குத்து கண்ணில் விழுந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆன பிறகுதான் சத்தம் காதில் விழும். சினிமா கணக்கில் இரண்டு பிரேம் தாமதம். ஆனாலும் அவருக்கு அடி பிசகாமல் விழுகிறது. மூளை இந்தச் சிறிய இடைவெளியை மன்னித்து, இரண்டையும் ஒரே நிகழ்ச்சியாகத் தைத்துவிடுகிறது. தாமதம் இன்னும் கூடினால் தையல் பிரிந்துவிடும். 'கை படவே இல்லை' என்று அவர் சொன்ன படத்தில் தலை திரும்பிய கணமோ சத்தம் வைத்த கணமோ சில பிரேம்கள் தவறியிருக்க வேண்டும். எடிட்டரின் தவறை அவர் பெயர் சொல்லத் தெரியாமலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

மொழிமாற்றுப் படங்களிலும் நடப்பது இதன் உறவுக்காரச் சங்கதிதான். போவன்பள்ளியில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. ஒருவர் படத்தை மற்றவர் டப்பிங்கில் பார்ப்பது வழக்கம். 1976-இல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் காட்டியது: உதடு 'கா' என்று அசைய, குரல் 'பா' என்று ஒலித்தால், பார்ப்பவருக்குப் பெரும்பாலும் 'டா' என்று கேட்கும். கண்ணும் காதும் சமரசம் செய்துகொள்கின்றன. ப, ம போன்ற எழுத்துகளுக்கு உதடு மூடியாக வேண்டும், அதை மட்டும் மறைக்க முடியாது. நல்ல டப்பிங் வசனகர்த்தா உதடு மூடுகிற இடத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் சொல்லைத் தேடுவார்.

இனி உதைக்கு வருவோம். நாயகன் அந்தரத்தில் எகிறி ஓர் உதை விடுகிறார், அடியாள் இருபது அடி பறந்துபோய்ச் சுவரில் மோதுகிறார். நியூட்டன் இதை ஏற்கமாட்டார். இருவரும் ஏறக்குறைய ஒரே எடை என்றால், அடியாளுக்கு எவ்வளவு வேகம் கிடைக்கிறதோ அவ்வளவு வேகத்தை நாயகன் இழந்தாக வேண்டும். பாய்ந்து வந்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், அல்லது பின்னால் விழ வேண்டும். அவரோ ஸ்டைலாகத் தரையிறங்குகிறார். அடியாளை இழுத்தது ரோப். அதைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள்.

இது பொய் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கைதட்டுகிறோம்? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் மிஷோட் இதற்கு ஒரு பதில் கண்டார். 1946-இல் வந்த அவருடைய நூல் காரணத்தையும் விளைவையும் நாம் எப்படி உணர்கிறோம் என்பதைப் பற்றியதே. அவருடைய சோதனையில் ஒரு சதுரம் நகர்ந்து வந்து இன்னொரு சதுரத்தைத் தொடுகிறது, அந்தக் கணமே இரண்டாவது நகர்கிறது. பார்ப்பவருக்கு 'இது அதைத் தள்ளியது' என்று யோசிக்காமலேயே தெரிகிறது. தொட்ட பிறகு சற்றே தாமதித்து நகர்ந்தால் அந்த உணர்வு மறைந்துவிடுகிறது. காரணத்தையும் விளைவையும் நாம் கணக்குப் போட்டு அறிவதில்லை, நிறத்தைப் பார்ப்பது போலவே நேரடியாகப் பார்க்கிறோம் என்பது அவர் முடிவு. கண்ணுக்கு எடையும் வேகமும் தெரியாது. தெரிவது நேரப் பொருத்தம் மட்டுமே. ரோப் இழுக்கிறவர்கள் உதை பட்ட அதே பிரேமில் இழுத்துவிட்டால், நியூட்டன் தோற்று மிஷோட் ஜெயித்துவிடுகிறார்.

இதை எல்லைவரை கொண்டுபோன படம் ஹைதராபாத்திலிருந்தே வந்தது. 2012 ஜூலையில் எஸ்.எஸ். ராஜமௌலி தெலுங்கில் 'ஈகா', தமிழில் 'நான் ஈ' என்று ஒரே நேரத்தில் வெளியிட்டார். நாயகன் ஓர் ஈ. வில்லன் சுதீப். படப்பிடிப்பில் ஈ கிடையாது. சுதீப் வெறும் காற்றைப் பார்த்துப் பயந்து, வெறும் காற்றை விரட்டி, தன்னைத்தானே அறைந்துகொண்டு நடித்தார். ஈயைப் பிறகு ஹைதராபாத்தின் மகுட்டா நிறுவனம் கணினியில் உருவாக்கியது. சிறப்புக் காட்சிகளுக்கு அந்தப் படம் தேசிய விருது பெற்றது. அந்த ஈ ஒரு வார்த்தை பேசாது. ஆனாலும் கொட்டகை முழுக்க அதன் பக்கம் நின்றது.

ஏன் நின்றது என்பதற்கு 1944-லேயே விடை இருந்தது. ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரி-ஆன் சிம்மலும் சில நிமிடமே ஓடும் ஒரு கார்ட்டூனைச் செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு பெட்டி. இவை அங்குமிங்கும் நகரும், வேறொன்றும் கிடையாது. என்ன பார்த்தீர்கள் என்று 34 பேரிடம் கேட்டார்கள். ஒருவர் மட்டுமே முக்கோணம், வட்டம் என்று வடிவங்களின் நகர்வாகச் சொன்னார். மற்றவர்கள் சொன்னது கதை. பெரியது முரடன், சின்னது தைரியசாலி, வட்டம் பயந்துபோய் ஒளிந்துகொள்கிறது. வில்லன், நாயகன், நாயகி! நாம் நூறு தடவை பார்த்த அடிதடிப் படத்தின் கதையை மூன்று வடிவங்களின் அசைவிலிருந்தே மூளை எடுத்துவிடுகிறது. அதற்கு முகம் தேவையில்லை, வசனம் தேவையில்லை. ஈக்கு ஆறு கால்களும் இரண்டு சிறகுகளும் இருந்தன. அதுவே தாராளம்.

அந்த ஈ தன் படத்தைத் தானே பார்க்க வந்தால் ஏமாந்துபோகும். ஃபிலிம் சுருள் ஓடிய காலத்துப் புரொஜெக்டரில் விநாடிக்கு 24 படம். ஒரு படம் நகர்ந்து அடுத்தது வரும்போது ஒரு தகடு ஒளியை மறைக்கும். திரை சிமிட்டுவது தெரியாமல் இருக்க, ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று தடவை வெட்டி வெட்டிக் காட்டுவார்கள். ஆக விநாடிக்கு 48 அல்லது 72 சிமிட்டல். இருட்டுக் கொட்டகையில் நம் கண்ணுக்கு இவை ஒன்றாகக் கலந்துவிடும். நாம் பரவசமாகப் பார்த்த அந்த நாட்களில், டிக்கெட் வாங்கிய நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகத்தான் இருந்தது. வீட்டு ஈயின் கண்ணோ விநாடிக்கு 250 சிமிட்டல் வரை தனித்தனியாகப் பிரித்தறியும். நமக்கு வெள்ளித்திரை, அதற்கு விட்டு விட்டு எரியும் விளக்கு. நம் கை ஓங்கி இறங்குவது அதற்கு நிதானமாகத் தெரிவதால்தான் எந்த ஈயையும் எளிதில் அடிக்க முடிவதில்லை.

நண்பர் சொன்ன இன்னொரு வாக்கியம்தான் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. ஒரு பெரிய நடிகரைப் பற்றிச் சொன்னார்: "நேர்ல பார்த்திருக்கேன் அன்னா, சாதாரண உயரம்தான். படத்துல நடந்து வர்றப்ப மலை மாதிரி இருக்கார்." எந்தக் காட்சி என்று கேட்டேன். அறிமுகக் காட்சி. ஸ்லோமோஷன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 60 பிரேம் எடுத்து 24 பிரேமாக ஓட்டினால், எல்லாமே இரண்டரை மடங்கு நிதானமாகிறது. கீழே விழுகிற பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் திரையில் புவியீர்ப்பு இரண்டரையின் வர்க்க அளவுக்கு, அதாவது 6.25-இல் ஒரு பங்காகக் குறைந்ததாகத் தெரியும். நிலவின் ஈர்ப்பு பூமியினதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தூசியும் துண்டும் தலைமுடியும் மெல்ல எழுந்து மெல்ல இறங்கும் அந்த அறிமுகக் காட்சியில் நாயகன் நடப்பது நிலவில்!

ஆனால் பார்ப்பவருக்கு நிலா நினைவுக்கு வருவதில்லை. நாம் பிறந்ததிலிருந்து ஒரே ஈர்ப்பில் வாழ்பவர்கள். பொருள் மெதுவாக அசைந்தால், ஈர்ப்பு குறைந்தது என்று எண்ணமாட்டோம், பொருள் பெரியது என்று எடுத்துக்கொள்வோம். குட்டை ஊஞ்சல் வேகமாக ஆடும், நெட்டை ஊஞ்சல் ஆறஅமர ஆடும். காலும் இடுப்பிலிருந்து தொங்கும் ஓர் ஊஞ்சல்தான். இரண்டரை மடங்கு நிதானமாக ஆடும் கால், 6.25 மடங்கு நீளமாக இருக்க வேண்டும். ஐந்தே முக்கால் அடி மனிதர் 36 அடி ஆகிவிடுகிறார். பொம்மை அணையை உடைத்துப் படமெடுப்பவர்கள் இந்த விதியைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். நான்கில் ஒரு பங்கு அளவில் அணை கட்டினால், கேமராவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பெரிய அணையின் தண்ணீர் போல விழும். தியேட்டர் வாசலில் ரசிகர்கள் கட்அவுட் வைக்கிறார்களே, அதன் உயரத்தை நினைத்துப் பாருங்கள். 36 அடி, 40 அடி. உள்ளே அவர்கள் கண் பார்த்த உயரத்தைத்தான் வெளியே மரச்சட்டத்தில் கட்டி நிறுத்துகிறார்கள்.

சண்டை கண்ணிலும் காதிலும் நடக்கிறது. சிரிப்பு நடக்கும் இடம் வேறு. நியூயார்க்கில் யூரி ஹாசன் குழுவினர் 2008-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் கருவிக்குள் ஆட்களைப் படுக்க வைத்து, தனித்தனியாகத் திரைக்காட்சிகளைக் காட்டினார்கள். எல்லோருடைய மூளையும் எவ்வளவு பரப்பில் ஒரே தாளத்தில் இயங்கியது என்று அளந்தார்கள். ஹிட்ச்காக்கின் ஒரு தொலைக்காட்சித் திகில் கதைக்கு மூளைப் புறணியில் 65 சதவீதம் வரை. செர்ஜியோ லியோனியின் கௌபாய் படத்துக்கு 45. ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடருக்கு 18. சும்மா பூங்காவில் நிறுத்திய கேமராவின் காட்சிக்கு 5-க்கும் கீழே. அடிதடியும் திகிலும் நம்மைத் தனித்தனியே பிடித்து ஒரே நூலில் கோத்துவிடும். நகைச்சுவை அப்படிக் கோப்பதில்லை. ஒரே ஒரு தொடரை வைத்து எல்லா நகைச்சுவையையும் அளந்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த 18 என்னை உறுத்தியது. கருவிக்குள் படுத்தவர் தனியாக இருந்தார் என்பதை நினைத்தபோது புரிந்தது போல் இருந்தது.

நண்பர் சொல்லியிருக்கிறார்: "தியேட்டர்ல வயிறு வலிக்கச் சிரிச்சேன். அதையே ரூம்ல போன்ல பார்த்தேன், ஒண்ணுமே இல்லை." ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் சிரிப்பை ஆராய்வதற்காகக் கடைவீதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் அலைந்தவர். மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட இன்னொருவர் இருக்கும்போது சிரிப்பதற்கு 30 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அவர் கணித்தார். அவர் குறித்துவைத்த 1,200 சிரிப்புகளில் பெரும்பாலானவை நகைச்சுவையே இல்லாத, 'சரி, அப்புறம் பார்க்கலாம்' போன்ற சாதாரணப் பேச்சுக்கு வந்தவை. சிரிப்பு என்பது நகைச்சுவைக்குக் கொடுக்கும் மதிப்பெண் என்று நாம் நினைக்கிறோம். அது பக்கத்து ஆளுக்கு அனுப்பும் செய்தி. 'ஹ' என்ற ஒலித்துண்டு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை சீராக வரும், எந்த மொழிக்காரர் சிரித்தாலும். அதற்கு டப்பிங் வேண்டாம்.

ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு ஆட்களைக் கூட்டமாக உட்கார வைத்து நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டியது. முன்னும் பின்னும் கையில் உறைகுளிர்ப் பட்டையைச் சுற்றி, எவ்வளவு நேரம் வலி தாங்குகிறார்கள் என்று அளந்தது. சிரித்த பிறகு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. உடம்பு தானே சுரக்கும் எண்டார்பின் என்ற வலிநிவாரணியின் வேலை அது என்று அவர்கள் கருதினார்கள். 2017-இல் பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள், நண்பர்களோடு சிரித்த 12 பேரின் மூளையை நேரடியாகப் படமெடுத்து அந்தச் சுரப்பை உறுதிப்படுத்தினார்கள். விடியற்காலையிலிருந்து மூட்டை சுமந்த தோள், இரவுக் காட்சியில் எதற்காகப் போய் உட்காருகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. அது பொழுதுபோக்கு மட்டுமல்ல, அன்றாட மருந்து.

காற்றுக்கும் இது தெரியும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஒரு திரையரங்கிலிருந்து வெளியேறும் காற்றை 16 படங்கள் ஓடிய நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகளின்போது அளந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே படம் ஒவ்வொரு முறை ஓடும்போதும், அதே காட்சியில் அதே வாயுக்கள் உயர்ந்தன. திகிலின்போது உடம்பு முறுக்கி, மூச்சைப் பிடித்து விடுகிறோம். தசையில் சேர்ந்திருக்கும் ஐசோப்ரீன் என்ற பொருளும் கரியமில வாயுவும் காற்றில் கூடுகின்றன. மிகத் தெளிவாகத் தடம் பதித்தவை இரண்டே வகைக் காட்சிகள்: பதைபதைப்பும் சிரிப்பும். நம் நண்பர் டிக்கெட் வாங்கும் அதே இரண்டு.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது நம் படங்களின் பழைய வழக்கம். சண்டை முடிந்த கையோடு காமெடி. கவுண்டமணி, செந்தில் காலத்துத் தமிழ்ப் படங்களிலும் அப்படித்தான், பிரம்மானந்தம் காலத்துத் தெலுங்குப் படங்களிலும் அப்படித்தான். கதை இதனால் தடைபடுகிறது என்று விமர்சகர்கள் சொல்வது நியாயமே. ஆனால் டால்ஃப் ஸில்மன் 1970-களில் விளக்கியபடி, ஒரு பரபரப்பில் ஏறிய இதயத் துடிப்பு உடனே இறங்காது. அடுத்து வரும் உணர்ச்சிக்கு அந்த மிச்சம் போய்ச் சேரும். சண்டை ஏற்றிய சூட்டில் சிரிப்பு இன்னும் பெரிதாகப் பொங்குகிறது. தெலுங்கு விரிவுரையாளராக இருந்து நடிக்க வந்த பிரம்மானந்தம், வசனமே இல்லாமல் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, கொட்டகை அடங்கும்வரை காத்திருப்பார். ஆயிரம் பேரின் சூடு இன்னும் ஆறவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

செகந்திராபாத்தில் டிவோலி சந்திப்பு என்று ஒன்று உண்டு, பாரடைஸ் சந்திப்பு என்று ஒன்று உண்டு. இரண்டு பெயரும் தியேட்டர்கள் கொடுத்தவை. பாரடைஸ் தியேட்டர் போய்விட்டது, பெயரும் அதே பெயர் கொண்ட பிரியாணிக் கடையும் மிச்சம். ஒற்றைத் திரை அரங்குகள் எல்லா ஊரிலும் ஒவ்வொன்றாக மூடுகின்றன, படம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. சண்டைப் படம் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். நல்ல ஒலியும் பெரிய திரையும் வீட்டிலேயே வாங்கலாம். சிரிப்புப் படத்துக்கு வேண்டிய கருவி கடையில் கிடைக்காது, அது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த சிரிப்புப் படத்தை இரவில் தனியாகப் போனில் பார்த்துவிட்டு மொக்கை என்று எழுதிவிடாதீர்கள். முதல் வாரத்தில், கூட்டம் இருக்கிற ஒரு காட்சிக்கு, முடிந்தால் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதன் பிறகு சொல்லுங்கள்.